ஏழு சாமுராயும் ஒரு குட்டியானையும்

எனக்கு ஜப்பான்காரங்க எடுத்த கத்திச் சண்டைப் படம்னா உசுருங்க. மூணு ஏக்கராவுல நெல்லும் மஞ்சளும் வாழையும் வெச்சுப் பண்ணையம் பாக்கறவனுக்கு சாமுராய்கிட்ட என்ன வேலைன்னு நீங்க கேக்கலாம். எங்க கோபிச்செட்டிபாளையம் பக்கம் சினிமா ஒண்ணும் புதுசில்லை. கொடிவேரி அணையும் தடப்பள்ளி வாய்க்காலும் தென்னந்தோப்பும் எத்தனையோ தமிழ்ப் படத்துல வந்திருக்கு. சின்ன வயசுல ஷூட்டிங் வேனுக்குப் பின்னாடி ஓடுனவங்கதான் நாங்கெல்லாம். ஆனா அந்தச் சண்டையெல்லாம் பாத்துப் பாத்துச் சலிச்சுப் போச்சு. ஹீரோ கையை ஓங்குனா பத்துப் பேர் பறக்கறாங்க, ஒரு தக்காளி வண்டி கவுருது. தக்காளி போட்டவனுக்கு அதைப் பாக்கப் பொறுக்குமா?

ஜப்பான் படம் எனக்குக் கெடைச்சது மோட்டார் ரூம்லதான். த்ரீ பேஸ் கரண்ட் ராத்திரியில வர்ற நாள்ல, தண்ணி கட்டறதுக்கு முழிச்சுக் கெடக்கோணும். தூக்கம் வராம இருக்கட்டும்னு பையன்தான் செல்லுல ஒரு படத்தைப் போட்டுக் குடுத்தான். பாஷை தெரியாது. கீழ ஓடற இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படிக்கறதுக்குள்ள அடுத்த வரி வந்துரும். நிறுத்தி நிறுத்தித்தான் பாப்பேன். ரெண்டு மணி நேரப் படம் எனக்கு நாலு மணி நேரம் ஓடும். ஒரு வயல் தண்ணி பாயறதுக்கும் அது சரியா இருக்கும்.

அந்தப் படங்கள்ல எனக்குப் பிடிச்சது சண்டையை விட, சண்டைக்கு முன்னாடி இருக்கற பொறுமைங்க. 1962ல அகிரா குரோசவா எடுத்த 'சஞ்சூரோ'ன்னு ஒரு படம். கடைசியில ரெண்டு பேர் எதிரெதிரா நிக்கறாங்க. வாய்க்கால்ல மீனுக்கு நிக்கற கொக்கு மாதிரி அசையறதே இல்லை. நமக்குத்தான் மூச்சு முட்டுது. அப்பறம் ஒரே ஒரு வெட்டு. முடிஞ்சுது. அதே படத்துல ஒரு வயசான அம்மா வருவாங்க. நல்ல கத்தி உறைக்குள்ளயேதான் இருக்கும்னு ஹீரோவுக்கே புத்தி சொல்லுவாங்க. அதே வருசம் ஆரம்பிச்சது 'ஸாட்டோய்ச்சி' படங்கள். கண்ணு தெரியாதவர், மசாஜ் செஞ்சு பொழைக்கறவர், கைத்தடிக்குள்ள கத்தி வெச்சிருப்பார். ஷின்டாரோ கட்சுங்கறவர் அந்த வேசத்துல மட்டும் 26 படம் நடிச்சிருக்கார். எதிராளி அதிகமா இருந்தா விளக்கை அணைச்சுருவார். இருட்டு வந்துட்டா அவருக்குச் சௌகரியம், மத்தவங்களுக்குக் கஷ்டம். புதுசுன்னா 2010ல தகாஷி மீகே எடுத்த '13 அசாசின்ஸ்'. கடைசிச் சண்டை மட்டும் முக்கால் மணி நேரத்துக்குப் பக்கம் ஓடும்.

ஆனா எல்லாத்துக்கும் மேல 'செவன் சாமுராய்'தானுங்க. 1954ல வந்தது. 207 நிமிசம். இதை நான் சண்டைப் படம்னு சொல்லவே மாட்டேன், வெள்ளாமைப் படம்னுதான் சொல்லுவேன். ஒரு மலையடிவாரக் கிராமம். வாற்கோதுமை அறுப்பு முடிஞ்சதும் வந்து கொள்ளையடிக்கலாம்னு 40 கொள்ளைக்காரங்க பேசிட்டுப் போறதை ஒரு விவசாயி கேட்டுடறான். ஊரே கூடி அழுகுது. கடைசியில ஊர்ப் பெரியவர், சோத்துக்கு இல்லாத சாமுராய்களாப் பாத்துக் கூட்டிட்டு வாங்கங்கறார். கூலி குடுக்கக் காசில்லை. மூணு வேளை அரிசிச் சோறுதான் கூலி. அரிசியை வந்தவங்களுக்குப் போட்டுட்டு, ஊர்க்காரங்க சிறுதானியம் தின்னுக்கறாங்க.

இந்த எடத்துல எனக்குத் தொண்டை அடைச்சுப் போச்சு. எங்க அப்பாரு காலத்துலயும் அதேதானுங்க. நெல்லு வெளைஞ்ச வீட்டுலயே நோம்பி நாள்லதான் நெல்லுச் சோறு. மத்த நாளெல்லாம் கம்பும் ராகியும். ஒறம்பரை வந்தா மட்டும் அரிசி அடுப்புல ஏறும். அந்த ஜப்பான் கிராமத்துக்காரங்க முகத்தைப் பாத்தா எங்க ஊர்ப் பழைய ஆளுங்களைப் பாத்த மாதிரியே இருக்கு.

சண்டையையும் வயல்காட்டை வெச்சேதான் யோசிக்கறாங்க. கோதுமையைச் சீக்கிரமா அறுத்துட்டு, வயலுக்குத் தண்ணி விட்டுடறாங்க. குதிரை அந்தப்பக்கம் வர முடியாது. சேத்து வயல்தான் அகழி! கடைசிச் சண்டை கொட்டற மழையில, முழங்கால் சேத்துல நடக்குது. சேத்துல காலை எடுத்து வெக்கறது எத்தனை பாடுன்னு தெரிஞ்சவன்தான் அந்தச் சண்டையைச் சரியா ரசிக்க முடியும்னு நான் நெனைக்கறேன். மேனி நோகாம எடுத்த சண்டை இல்லைங்க அது.

இந்தப் படத்தை ரெண்டாவது தடவை போன தை மாசத்துல என் பையனோட உக்காந்து பாத்தேன். அவன் அப்ப இருந்த நெலமை வேற. அதைச் சொன்னாத்தான் மிச்சக் கதை புரியும்.

பையனுக்கு 21 வயசு. வண்டின்னா சின்ன வயசுல இருந்தே கிறுக்கு. 18 முடிஞ்ச வாரமே எல்.எல்.ஆர். போட்டான். 30 நாள் காத்திருந்து, ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல ஓட்டிக் காட்டி லைசென்ஸ் வாங்கிட்டான். ஆனா மஞ்சள் போர்டு போட்ட வாடகை வண்டி ஓட்டோணும்னா சட்டப்படி 20 வயசு ஆகோணும். ரெண்டு வருசம் எங்க டிராக்டர்ல சேத்து உழவு ஓட்டிட்டே பொறுத்திருந்தான். 20 முடிஞ்சதும் தவணையில ஒரு பழைய குட்டியானை வாங்குனோம். வாழைத்தார், மஞ்சள் மூட்டை, நெல்லு, கல்யாண வீட்டுப் பாத்திரம், எது கெடைச்சாலும் ஏத்துவான். எங்க ஊர்ல 14 வீட்டுக்காரங்க இவன் வண்டிக்குத்தான் சொல்லுவாங்க.

வண்டி ஓட்டற சின்னப் பையனோட பாடு என்னன்னு எனக்கு அப்பத்தான் முழுசாத் தெரிஞ்சுது. ஆள் ஒல்லியா, மீசை அரும்பு விட்ட மாதிரி இருப்பான். எந்த செக்கிங்லயும் முதல்ல இவனைத்தான் நிறுத்துவாங்க. லைசென்ஸைக் காட்டுனா, அட்டையைப் பாத்து, முகத்தைப் பாத்து, மறுபடியும் அட்டையைப் பாப்பாங்க. "ஓனர் யாருடா?"ம்பாங்க. வண்டி அவன் பேர்லயே இருக்கும். பக்கத்து சீட்டுல சரக்குக்காரர் உக்காந்தா அதுக்கு மேல. "பாத்து, பாத்து", "ஹாரன் அடி", "மூணாவதுல போடு", "எதுக்க லாரி வருது". லாரி இவனுக்கும் தெரியுமுல்ல? ரிவர்ஸ் எடுத்தா ஊரே பின்னாடி நின்னு கையைக் காட்டும். ஒருத்தர் இடதும்பார், ஒருத்தர் வலதும்பார். மெதுவாப் போனா, "பயந்தாங்கொள்ளி". கொஞ்சம் வேகம் புடிச்சா, "இந்தக் காலத்துப் பசங்களுக்கு உசுரோட அருமை தெரியலை". ஒரு சின்னக் கீறல் விழுந்தாலும், தப்பு யாரோடதுன்னு கேக்கறதுக்கு முன்னாடி வயசைக் கேப்பாங்க.

கார்த்திகை மாசக் கடைசி. ராத்திரி ரெண்டு மணிக்கு வாழைத்தார் ஏத்திட்டுப் போயிட்டிருந்தான். எதுக்க வந்த பஸ் ஹை பீமைக் குறைக்கவே இல்லை. இவன் ரெண்டு தடவை டிம் அடிச்சுக் காட்டியிருக்கான். நடுரோட்டை விட்டு அந்த பஸ் எறங்கலை. கண்ணு கூசி, இவன் வேகத்தைக் குறைச்சு இடப்பக்கம் ஒதுங்கியிருக்கான். மழை பேஞ்சு ஊறிக் கெடந்த மண்ணு. ரெண்டு சக்கரமும் தார் ரோட்டை விட்டுக் கீழ எறங்கி வண்டி சாஞ்சு நின்னுருச்சு. ஏழெட்டுத் தார் கீழ விழுந்து நசுங்குச்சு. ஆளுக்கு ஒண்ணும் ஆகலை, சாமி காப்பாத்துச்சு. ஸாட்டோய்ச்சிக்கு வேணா இருட்டு சௌகரியமா இருக்கலாம். வெளிச்சத்தைக் கண்ணுல அடிச்சா மனுசன் என்னதான் பண்ணுவான்?

விடியறதுக்குள்ள ஊர்ல கதை ரெடியாயிருச்சு. டீக்கடையில ஒருத்தர் "தூங்கிட்டானாம்"னார். இன்னொருத்தர் "செல்லை நோண்டிட்டே போனானாம்"னார். பஸ்ஸைப் பத்தி ஒருத்தரும் பேசலை. அடுத்த வாரத்துல இருந்து போன் வர்றது நின்னுருச்சு. 14 வீடும் பக்கத்து ஊர்ல இருந்து வயசான டிரைவரைக் கூப்பிட ஆரம்பிச்சாங்க. ஒருத்தரும் மூஞ்சிக்கு நேரா ஒண்ணும் சொல்லலை. "அடுத்த தடவை சொல்றேன் தம்பி"ன்னாங்க. வண்டி கட்டுத்தரை ஓரமா நின்னுச்சு. ரெண்டு மாசத் தவணை பாக்கி. தை பொறந்து ரெண்டாவது நாள் பையன் சொன்னான்: "அப்பா, வண்டியைக் குடுத்துரலாங்ப்பா. நான் திருப்பூர் போயிடறேன். பனியன் கம்பெனியில வயசு கேக்க மாட்டாங்க."

திருப்பூர் போறது குத்தமில்லைங்க. எங்க ஊர்ல பாதிப் பேரு அங்கதான். ஆனா இவன் பொழப்புக்குப் போகலை, வெறுத்துப் போறான். அது எனக்கு மனசுக்குச் செரிக்கலை.

நானும் இதையெல்லாம் தாண்டி வந்தவன்தான். 1988ல எனக்கு 19 வயசு. எங்க தாய்மாமன்கிட்ட ஒரு மேஸி டிராக்டர் இருந்துச்சு. ஆலைக்குக் கரும்பு ஓட்டுவார். என்னைக் கூட வெச்சிருந்தார். ஒரு வருசம் ஸ்டீரிங்கைத் தொட விடலை. தொடைக்கறது, கிரீஸ் அடிக்கறது, டயருக்குக் கல்லு வெக்கறது. அப்பறம் ஒரு நாள், காலி டிரெய்லரை ரிவர்ஸ்ல கட்டுத்தரைச் சந்துக்குள்ள விடச் சொன்னார். டிரெய்லர் ரிவர்ஸ் தெரியாதவங்களுக்குச் சொல்றேன். ஸ்டீரிங்கை இந்தப்பக்கம் ஒடிச்சா டிரெய்லர் அந்தப்பக்கம் போகும். மனசு சொல்றதுக்கு நேர் எதிரா கை வேலை செய்யோணும். வேடிக்கை பாக்க நாலு பேரு வந்து, "இப்பிடி ஒடி, அப்பிடி ஒடி"ன்னு கத்துனாங்க. மாமன் அவங்களைப் பாத்து ஒண்ணே ஒண்ணுதான் சொன்னார். "ஓட்டறவன் அவன், எல்லாரும் வாயை மூடுங்க." சொல்லிட்டு அவரும் திரும்பி உக்காந்து வெத்தலை போட ஆரம்பிச்சுட்டார். எட்டாவது தடவை உள்ள விட்டேன். அந்த முதுகைக் காட்டி உக்காந்தார் பாருங்க, அதுதான் எனக்கு நெசமான லைசென்ஸ்.

அந்த மாதிரி ஒரு முதுகு என் பையனுக்கு ஊர்ல கெடைக்கலை. அப்பன் நம்புறது கணக்குல வராது, அப்பன் எப்படியும் நம்புவான். ஊர் நம்போணும்.

திருப்பூர் பத்திப் பேசுன அன்னைக்கு ராத்திரி, தண்ணி கட்டற முறை எங்களுது. "வா சாமி, படம் பாக்கலாம்"னு கூட்டிட்டுப் போனேன். மூணு ராத்திரியில 'செவன் சாமுராய்' முடிச்சோம். அவன் இங்கிலீஷ் வேகமாப் படிப்பான், எனக்குத் தமிழ்ல சொல்லிட்டே வந்தான்.

அந்த ஏழு பேர்ல கத்சுஷிரோன்னு ஒரு சின்னப் பையன். தலைவர் கம்பெய், தகாஷி ஷிமுரா நடிச்சது. "நீ சின்னப் பையன், வேண்டாம்"னு முதல்ல அவனைச் சேத்துக்கவே மாட்டேங்கறார். மத்தவங்க சொல்லித்தான் சேத்துக்கறார். பையன் இதைப் பாத்துட்டு, "இவனுக்கும் மஞ்சள் போர்டு குடுக்கலை போலிருக்குப்பா"ன்னான். ரெண்டு மாசம் கழிச்சு அன்னைக்குத்தான் அவன் ஜோக் அடிச்சான்.

அடுத்தது கிகுச்சியோ. தோஷிரோ மிஃபுனே நடிச்சது. குடிச்சுட்டு வந்து, "நானும் சாமுராய்தான், இதோ என் வம்சாவளி"ன்னு ஒரு ஓலைச்சுருள் மாதிரி காகிதத்தை நீட்டுவான். கம்பெய் அதைப் படிச்சுப் பாத்துட்டுச் சிரிக்கறார். அதுல இருக்கற கணக்குப்படி அவனுக்கு 13 வயசுதான் ஆகோணும்! எங்கயோ திருடுன காகிதம். தாடியோட நிக்கற ஆளு, காகிதத்துல 13 வயசு. என் பையன் மோட்டார் ரூம் அதிரச் சிரிச்சான். "என் லைசென்ஸைப் பாக்கற போலீஸ்காரர் இப்பிடித்தாம்பா பாப்பாரு!"

சிரிப்பெல்லாம் ரெண்டாவது ராத்திரி நின்னு போச்சு. தப்பி ஓடுன சாமுராய்களைக் கொன்னு, ஊர்க்காரங்க ஒளிச்சு வெச்ச கவசத்தையும் ஈட்டியையும் கிகுச்சியோ தூக்கிட்டு வந்து போடறான். மத்த சாமுராய்களுக்குக் கோவம். அப்பக் கத்தறான் பாருங்க. விவசாயி தந்திரக்காரன்தான், பொய் சொல்லுவான், அரிசியை ஒளிச்சு வெப்பான். ஆனா அவனை அப்படி ஆக்குனது யாரு, நீங்கதானேங்கறான். பேசிட்டு அழுகறான். அவனே ஒரு விவசாயி பெத்த புள்ளைன்னு கம்பெய்க்கு அப்பத்தான் புரியுது. பொய்க் காகிதத்தோட வந்தவன், அந்த ஏழு பேர்ல யாருக்கும் கொறைஞ்சவன் இல்லைன்னு காட்டிட்டுத்தான் சாகறான். படம் முடியற வரைக்கும் என் பையன் ஒரு வார்த்தை பேசலை. கடைசியில ஊர்க்காரங்க பாட்டும் கொட்டுமா நாத்து நடறாங்க. மிச்சமிருக்கற மூணு சாமுராய் தள்ளி நிக்கறாங்க. ஜெயிச்சது நாம இல்லை, அவங்கதான்னு கம்பெய் சொல்றதோட முடியுது.

படம் பாத்ததும் எல்லாம் சரியாப் போச்சுன்னு சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க, அப்படி ஆகவும் இல்லை. ஆனா படத்துல இருந்து ஒரு விசயத்தைப் புடிச்சுக்கிட்டான். கம்பெய் ஒரு காகிதத்துல கொள்ளைக்காரங்க எத்தனை பேரோ அத்தனை வட்டம் போட்டு வெச்சு, ஒவ்வொருத்தன் விழ விழ அடிச்சுக்கிட்டே வருவார். பையன் பழைய காலண்டர் அட்டைக்குப் பின்னாடி 14 வட்டம் போட்டான். விட்டுப் போன 14 வீடு. "ஒவ்வொண்ணாத் திருப்பிப் புடிக்கறேன்ப்பா. சித்திரை வரைக்கும் பாப்போம்"னான்.

இன்னொண்ணும் செஞ்சான். ஜப்பான்ல புது டிரைவருங்களுக்கு என்ன பண்றாங்கன்னு செல்லுல தேடியிருக்கான். அங்கயும் நம்மள மாதிரியே இடப்பக்கம்தான் வண்டி ஓட்டறாங்க. லைசென்ஸ் வாங்குன முதல் ஒரு வருசம், வண்டியில முன்னாடியும் பின்னாடியும் ஒரு இலை அடையாளம் ஒட்டோணும். பாதி மஞ்சள், பாதி பச்சை. 'வகாபா'ன்னு பேரு. தளிருன்னு அர்த்தம். 1972ல இருந்து இருக்குதாம். இதுல விசேஷம் என்னன்னா, அந்தத் தளிரைப் பாத்துட்டு மத்த வண்டிக்காரங்க நெருக்கியடிச்சுக் குறுக்க புகுந்தா, நெருக்குனவன் மேலதான் குத்தம். தளிர் மேல இல்லை.

விவசாயிக்கு இது உடனே புரியுமுங்க. புதுசா நட்ட வாழைக்கன்னுக்குப் பக்கத்துல மாடு போனா, மாட்டைத்தானே வெரட்டுவோம்? கன்னைப் போய் ஏன்டா இங்க நிக்கறேன்னு கேப்போமா? நம்ம ரோட்டுல சிவப்பு 'எல்' போர்டைப் பாத்தா, பின்னாடி வர்றவன் ரெண்டு ஹாரன் சேத்துத்தான் அடிக்கறான். ஜப்பான்ல 70 வயசு தாண்டுனவங்களுக்கும் தனி அடையாளம் வெச்சிருக்காங்க. முதல்ல அது மஞ்சளும் ஆரஞ்சுமா இருந்துச்சாம். உதிர்ந்த இலை மாதிரி இருக்குன்னு பெரியவங்க வருத்தப்பட்டதால 2011ல நாலு இலையா மாத்திட்டாங்க. பழுத்த ஓலையைப் பாத்துக் குருத்தோலை சிரிச்சுதுன்னு நம்ம பக்கம் சொல்லுவாங்க. நான் பாத்த வரைக்கும் ரோட்டுல நடக்கறது தலைகீழ். பழுத்த ஓலைதான் குருத்தைப் பாத்துச் சிரிக்குது.

பையன் கோபியில ஸ்டிக்கர் கடையில அந்தத் தளிரை வெட்டச் சொல்லி வண்டிக்குப் பின்னாடி ஒட்டிட்டு வந்தான். மறுநாளே டீக்கடையில, "ஏப்பா, உம்பையன் எப்போ ரெட்டை எலையில சேந்தான்?"னு என்கிட்டக் கேட்டாங்க. எதிர்க்கட்சிக்காரர் ஒருத்தர் நெசமாவே மொகத்தைத் திருப்பிக்கிட்டார். வீடு வீடா வெளக்கம் சொல்லி மாளலை. ஆனா வெளக்கம் சொல்றப்பவே அந்த பஸ் கதையும் கூடச் சேந்து வெளிய வந்துச்சு. அதுவரைக்கும் யாரும் கேக்காத கதை.

முதல் வட்டம் அடிபட்டது மாசி மாசம். எங்க தெருக்கோடி வீட்டுப் பெரியம்மா, தனியா இருக்கறவங்க. ராத்திரி பதினோரு மணிக்கு அவங்க கன்னுக்குட்டி வயிறு உப்பிப் படுத்துருச்சு. போன் போட்ட எந்த டிரைவரும் எடுக்கலை. வேற வழியில்லாம எங்க வீட்டுக் கதவைத் தட்டுனாங்க. பையன் வண்டியில வைக்கோலை மெத்தை மாதிரி பரப்பி, கன்னைப் படுக்க வெச்சு, பெரியம்மாவைப் பக்கத்துல உக்கார வெச்சு ஓட்டிட்டுப் போனான். நான் போகலை. கன்னுக்குட்டி பொழைச்சுது. மறுநாள் அந்தப் பெரியம்மா ஊர் பூரா சொன்ன சேதி இதுதான்: "ஒரு குழியில கூட எறக்கலை சாமி. ஹாரனே அடிக்கலை." நல்ல கத்தி உறைக்குள்ள இருக்கும்னு அந்த ஜப்பான் அம்மா சொன்னதை நம்ம பெரியம்மா அவங்க பாஷையில சொல்லிட்டாங்க.

இப்ப காலண்டர் அட்டையில ஒம்பது வட்டம் அடிச்சாச்சு. இன்னும் அஞ்சு பாக்கி. தவணை ஒரு மாசம் பின்தங்கித்தான் இருக்கு. சித்திரை போய் ஆடியும் வந்துருச்சு. திருப்பூர் பேச்சு இப்ப எடுக்கறதில்லை. இனிமே எடுக்கவே மாட்டான்னு நான் எழுதிக் குடுக்க முடியாது. செக்கிங்ல இன்னும் அவனைத்தான் முதல்ல நிறுத்தறாங்க.

டவுன்ல இருந்து கார்ல ஊருக்கும் கொடிவேரிக்கும் வர்றவங்ககிட்ட ஒண்ணு கேட்டுக்கறேனுங்க. ராத்திரியில எதுக்க ஒரு குட்டியானையோ டிராக்டரோ வந்தா, லைட்டைக் கொஞ்சம் கொறைங்க. உள்ள ஒரு இருபது வயசுப் பையன், யாரோ ஒருத்தரோட நாலு மாச வெள்ளாமையை முதுகுல ஏத்திக்கிட்டு, தவணையையும் நெனைச்சுக்கிட்டு ஓட்டிட்டு வருவான். மெதுவாப் போனான்னா பின்னாடி நின்னு ஹாரன் அடிக்காதீங்க. உங்க வீட்டுக்கு வர்ற வாழைப்பழம் நசுங்காம வரோணும்னுதான் அவன் மெதுவாப் போறான்.

'செவன் சாமுராய்' பாக்காதவங்க ஒரு தடவை பாருங்க. மூணரை மணி நேரம், இடையில சாப்புட்டுக்கலாம்.